படுவான்கரையை இங்கிலீசில் எப்படி எழுதுவது?

களுவாஞ்சிகுடியில் என் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறுகளில் சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மண்டூர்ப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். காலையில் பாதை ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருவாள். வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் அதில் ஏறும்.

ஒருநாள், முன்பின் தெரியாத வெளிநாட்டுச் சிநேகிதிக்கு ஊரைப் பற்றிக் கடிதம் எழுதச் சொன்னேன். சோதனையில் அடிக்கடி வருகிற கேள்விதான். அவள் எழுதியிருந்தாள்: "ஐ லிவ் இன் படுவான்கரை. இட் இஸ் ஸன் செட்டிங் ஷோர்." எழுதிவிட்டு அவளே தலையைத் தூக்கிக் கேட்டாள். "டீச்சர், சூரியன் படுற கரை எண்டத எப்படி எழுதுற? நான் எழுதினது சரியா வரல்ல போல இருக்கு."

அவள் காதுக்கே அது பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி, அது ஒரு பெயர் என்பதற்கு மேல் நாங்கள் யோசிப்பதில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு வசனம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சூரியன் படுகிறது, எங்கே படுகிறது, அந்தக் கரை. இங்கிலீசுக்கு அந்த மடிப்பை விரித்தாக வேண்டும்: "த ஷோர் வேர் த ஸன் ஸெட்ஸ்." இதில் "வேர் த ஸன் ஸெட்ஸ்" என்ற துண்டைத்தான் பாடப்புத்தகம் சபோர்டினேட் க்ளோஸ் என்கிறது. தமிழில் சார்பு வாக்கியம்.

அன்று கரும்பலகையில் அடுத்ததாக "மீன்பாடும் தேனாடு" என்று எழுதினேன். இந்த மாவட்டத்தில் அதைக் கேட்காத பிள்ளை இல்லை. பாடும் என்ற பெயரெச்சத்தை இங்கிலீசுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒரு சார்பு வாக்கியம் எழும்பி வருகிறது: "த லேண்ட் ஒஃப் ஹனி வேர் த ஃபிஷ் சிங்." பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கள் ஊரின் பேரில் இவ்வளவு இலக்கணம் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை.

இந்த மண்ணில் இங்கிலீசு படிப்பிப்பது புதிய காரியமில்லை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் சார்பு வாக்கியம் என்று வந்ததும் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் கொடுக்கிறோம். வென், வைல், இஃப், அன்லெஸ், பிகோஸ், ஆல்தோ, அன்டில். பக்கத்தில் தமிழ்க் கருத்து. பாடமாக்கிக்கொண்டு வா. நானும் அப்படித்தான் படித்தேன், முதல் சில வருடங்கள் அப்படித்தான் படிப்பித்தேன். அது போதாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பிள்ளை அந்த வேலையை எல்லாம் தமிழில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். எந்த இடத்தில் செய்கிறாள் என்பதை நாங்கள் காட்டிக்கொடுப்பதில்லை.

தமிழில் அது வினையின் வாலில் நடக்கிறது. மழை பெய்து, மழை பெய்ய, மழை பெய்தால், மழை பெய்தாலும், மழை பெய்ததும், மழை பெய்யும்போது, மழை பெய்தபடியால், மழை பெய்யும்மட்டும், மழை பெய்த நாள். பெய் என்ற வினை நின்ற இடத்தில் நிற்கிறது. வால் மாற மாற உறவு மாறுகிறது. நன்னூல் வினையெச்சத்துக்கு மட்டும் பன்னிரண்டு வாய்பாடு சொல்கிறது. அதில் சில இன்று பேச்சில் இல்லை. "செயின்" இருந்த இடத்தில் "செய்தால்" வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் முறை அதேதான். இங்கிலீசு இந்த உறவைத் துண்டின் தலையில், தனிச் சொல்லாக வைக்கிறது. தமிழில் வால், இங்கிலீசில் தலை. இதை முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

மீதிப் பாதியில்தான் பிழைகள் இருக்கின்றன. அந்தப் பிழைகளை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் தமிழ் நிற்பது தெரியும். அதனால் அவற்றின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

"இஃப் இட் வில் ரெயின், வி வில் நொட் கோ" என்று எழுதாத பிள்ளையை நான் கண்டதில்லை. நாளைய மழை, ஆகவே வில் போட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். இஃப் வந்தால் வில் வராது என்று சட்டமாகச் சொன்னால் இரண்டு கிழமையில் மறந்துவிடுவார்கள். நான் கேட்பது இதைத்தான்: "நாளைக்கு மழை வந்தா எண்டு சொல்லுவியளா, வருவா எண்டு சொல்லுவியளா?" வந்தால் என்பதில் இறந்தகாலத்தின் சாயல் இருக்கிறது. நடக்கப்போகிற மழையைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் "வருவால்" என்று ஒரு சொல்லே எங்களிடம் இல்லை. "அவர் வந்ததும் சொல்லுகிறேன்" என்பதும் அப்படித்தான். அவர் இன்னும் வரவில்லை. நாங்கள் வந்ததும் என்கிறோம். எதிர்காலத்தைத் தலைமை வாக்கியம் சுமந்துகொண்டால் போதும், சார்பு வாக்கியமும் அதைச் சுமக்கத் தேவையில்லை என்று தமிழுக்கும் தெரியும், இங்கிலீசுக்கும் தெரியும். தமிழ் இறந்தகால உருவை எடுத்துக்கொண்டது, இங்கிலீசு நிகழ்கால உருவை எடுத்துக்கொண்டது: "இஃப் இட் ரெயின்ஸ்", "வென் ஹி கம்ஸ்". இப்படிச் சொன்ன பிறகு அந்தப் பிழை குறைந்ததை நான் கொப்பிகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆல்தோ. அகராதியில் "என்றாலும்" என்று போட்டிருக்கும். பொருள் சரி, நிற்கிற இடம் வேறு. தமிழில் "மழை பெய்தது. என்றாலும் போனோம்" என்கிறோம். என்றாலும் என்பது இரண்டாவது வசனத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதை அப்படியே பெயர்த்து "இட் ரெயின்ட். ஆல்தோ வி வென்ட்" என்று எழுதினால், தடை எது, தடையை மீறியது எது என்பதே தலைகீழாகிவிடும். ஆல்தோ தடையின் பக்கத்தில் நிற்க வேண்டிய சொல்: "ஆல்தோ இட் ரெயின்ட், வி வென்ட்." ஆகவே நான் அதற்கு "என்றாலும்" என்று கருத்து எழுதுவதை விட்டுவிட்டேன். "பெய்தாலும்" என்பதில் இருக்கிற "ஆலும்" என்று எழுதிக்கொடுக்கிறேன்.

பிகோஸுக்கும் இதே கதைதான். "ஏனென்றால்" என்று பாடமாக்கிய பிள்ளை ஒரு முற்றுப்புள்ளியை வைத்துவிட்டு, "பிகோஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று புது வசனம் தொடங்குகிறது. ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டு, நாங்கள் பதில் சொல்லும்போது அது சரி. இங்கிலீசுக்காரரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கட்டுரையில் அப்படித் தனியாக விட்டால் புள்ளி வெட்டுவார்கள். எங்கள் பேச்சில் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: என்றபடியால். காய்ச்சல் என்றபடியால் வரவில்லை. அதன் ஒட்டிக்கொள்ளும் குணம் பிகோஸுக்கும் உண்டு. லீவுக் கடிதத்தில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிற "ஏஸ் ஐ ஏம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்பதும் இதே என்றபடியால்தான். இந்தப் பக்கத்தில் பலர் வாழ்க்கையில் முதல் முதலாக எழுதிய சார்பு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்டில் பற்றிச் சுருக்கமாக. "அன்டில் த பஸ் டஸ் நொட் கம்" என்று எழுதுகிறவர்கள் மனதில் "பஸ் வராத வரைக்கும்" இருக்கிறது. "பஸ் வரும்மட்டும்" என்று நினைத்தால் அந்த நொட் தானாக விழுந்துவிடும். அன்லெஸ்ஸும் அதே வகை. "வராவிட்டால்" என்பதில் இருக்கிற இல்லாமையை அன்லெஸ் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. இன்னொரு நொட் தேவையில்லை.

"என்று" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த முடியாது. தமிழில் அது எதையும் முழுசாகத் தூக்கும். கேள்வியைக் கேள்வியாகவே தூக்கும்: அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. உள்ளே இருக்கிற கேள்வியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி" வருகிறது. இங்கிலீசில் கேள்வி இன்னொரு வசனத்துக்குள் போனதும் கேள்விக்குரிய வரிசையை விட்டுவிட வேண்டும்: "வேர் ஹி இஸ்." இது சோதனைக்காக மட்டும் தெரிய வேண்டிய விஷயமில்லை. மரியாதையாகக் கேட்கும்போது இங்கிலீசு இதையே பிடித்துக்கொள்கிறது. மட்டக்களப்பு ஸ்டேஷனில் ஒரு வெளிநாட்டவர் உங்களிடம் "வென் டஸ் த உதயதேவி லீவ்?" என்றும் கேட்கலாம், "டூ யூ நோ வென் த உதயதேவி லீவ்ஸ்?" என்றும் கேட்கலாம். இரண்டாவதில் டஸ் போய்விட்டது, லீவ் லீவ்ஸ் ஆகிவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. நாங்கள் "எத்தனை மணிக்குப் போகும் என்று தெரியுமா?" என்று கேட்கும்போது காட்டுகிற பணிவுதான் அது.

அப்புறம், புத்தகத்தில் சரியாகச் சொல்லப்படாத ஒன்று. பேசுகிற இங்கிலீசில் சார்பு வாக்கியம் பாதி நேரம் முகத்தைக் காட்டுவதே இல்லை. "ஐ திங்க் இட்ஸ் கோயிங் டு ரெயின்" என்பதில் ஒரு தட் இருந்திருக்க வேண்டும், பேச்சில் விழுந்துவிட்டது. திங்க், நோ, சே போன்ற வினைகளுக்குப் பின் இப்படி விழுவது நாள்தோறும் நடப்பது. பிள்ளைகள் படத்தில் ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டு, தட் எங்கே என்று தேடுகிறார்கள்.

இன்னும் அழகானது "நான் வாங்கின மீன்." இங்கிலீசில் "த ஃபிஷ் தட் ஐ பாட்" என்றும் சொல்லலாம், தட்டை விட்டுவிட்டு "த ஃபிஷ் ஐ பாட்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைப் பாருங்கள். நான், வாங்கின, மீன். மீன், நான், வாங்கின. தட் மாதிரிக் கோத்துவிடுகிற கொளுக்கி இரண்டிலும் இல்லை. மீன் மட்டும் இடம் மாறியிருக்கிறது. முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒவ்வொரு வருடமும் முயல்கிறேன். ஆனால் "வந்த மனிசன்" என்றால் "த மேன் கேம்" ஆகாது, "த மேன் ஹூ கேம்" என்றுதான் வர வேண்டும். வந்தது அந்த மனிசனே என்றால் கொளுக்கியைக் கழற்ற முடியாது.

பெயரெச்சத்தின் பெருந்தன்மை வேறு. நான் வெட்டின கத்தி, நான் பிறந்த வீடு, நான் அழுத காரணம். கத்தியால் வெட்டினேன், வீட்டில் பிறந்தேன், காரணத்துக்காக அழுதேன். இந்த ஆல், இல், ஆக எதையும் தமிழ் வெளியே காட்டவில்லை. கேட்கிறவர் விளங்கிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறது. இங்கிலீசு அப்படி விடாது. வித் விச்சா, வேரா, வையா என்று கேட்கும். கேட்டால் நாங்கள் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

நின்று யோசிக்காத ஒரு நாள் எனக்கு இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்க முகாம்கள். இங்கிலீசு கொஞ்சம் தெரிந்த இளம் ஆட்களுக்கு வெளிநாட்டு உதவி நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாவலடிச் சனங்களிடம், இழப்புகளைப் பதிய வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடன் போனேன். ஒரு அம்மா கீழே பாயில் இருந்து சொன்னார். எழும்பி, தேத்தண்ணி வைச்சு, கோழிக்குத் தீன் போட்டு, முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கேக்குள்ள சத்தம் கேட்டு என்று, எச்சம் எச்சமாக, முற்று வராமல் நீண்டுகொண்டே போகிற பேச்சு. முற்று வினை வராமல் எனக்கு இங்கிலீசைத் தொடங்கத் தெரியவில்லை. அந்தத் "து, து" எல்லாம் இங்கிலீசில் சார்பு வாக்கியங்களே இல்லை, அண்ட் போட்டு அடுக்கிக்கொண்டு போக வேண்டியவை. "கூட்டிக்கொண்டு நிற்கேக்குள்ள" என்பதற்குத்தான் வைல் வேண்டும். அது எனக்கு அன்று தெரியாது.

கடைசியில் அவர் சொன்னார்: "கடலுக்குப் போன மகன் திரும்பி வரல்ல."

நான் சொன்னேன்: "த ஸன் ஹூ வென்ட் டு த சீ டிட் நொட் கம் பேக்."

வெள்ளைக்காரப் பெண் எழுதிக்கொண்டே கேட்டாள்: "அண்ட் ஹெர் அதர் ஸன்ஸ்?"

நான் அந்தக் கேள்வியை அப்படியே அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். மத்த மகன்மார் எங்க அம்மா என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தானே, புள்ள" என்றார்.

வெள்ளைக்காரப் பெண்ணில் பிழையில்லை. "த ஸன் ஹூ வென்ட் டு த சீ" என்று இடைவெளியில்லாமல் சொன்னால், பல மகன்மாரில் கடலுக்குப் போனவன் என்று இங்கிலீசுக் காது கேட்கும். சார்பு வாக்கியம் அங்கே இனம் பிரித்துக் காட்டுகிற வேலையைச் செய்கிறது. "ஹெர் ஸன், ஹூ ஹேட் கோன் டு த சீ" என்று ஒரு கமா போட்டு, பேச்சில் ஒரு மூச்சு விட்டுச் சொல்லியிருந்தால், ஒரே மகன், அவனைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி என்று விளங்கியிருக்கும். தமிழில் "கடலுக்குப் போன மகன்" இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எத்தனை மகன்மார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும், சுற்றியிருந்த சனத்துக்குத் தெரியும். சொல்லத் தேவையிருக்கவில்லை. இங்கிலீசில் சொல்ல வேண்டியவள் நான். முதலில் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டியவளும் நான்.

வகுப்பில் கமாவைப் பற்றிப் படிப்பிக்கும்போது இந்தக் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. கடலில் ஆட்களை இழந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். "கொழும்பில் இருக்கிற அண்ணன்" என்று வேறு உதாரணம் போடுகிறேன். எத்தனை அண்ணன்மார் என்று முதலில் கேட்டுவிட்டு, மறுகா கமாவைப் போடு என்கிறேன்.

மறுகா என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், எங்கள் சொல்தான். பிறகு என்று அர்த்தம். கதை சொல்லும்போது எங்கள் பிள்ளைகளின் வாயில் மறுகா மறுகா என்று வரும், கொப்பியில் தென், தென், தென் என்று இறங்கும். "ஐ வென்ட் ஹோம். தென் ஐ ஏட் ரைஸ். தென் இட் ரெயின்ட்." ஒவ்வொன்றும் சரியான வசனம். ஆனால் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. எது முக்கியம், எது அதன் பின்னணி என்று தெரியாது. "வைல் ஐ வொஸ் ஈட்டிங், இட் ரெயின்ட்" என்று மாற்றினால் மழை முன்னுக்கு வந்துவிடும். சோறு முக்கியம் என்றால் மற்றதைப் பின்னுக்குத் தள்ளலாம். எதைத் தள்ளுவது என்று பிள்ளையிடமே கேட்பேன். அது அவள் கதை.

எங்கே வைப்பது என்பதிலும் இங்கிலீசு இடம் தருகிறது. எழுதுகிற தமிழில் எச்சம் முன்னே, முற்று கடைசி. இங்கிலீசில் சார்பு வாக்கியம் முன்னேயும் வரும், பின்னேயும் வரும். முன்னே வந்தால் கமா, பின்னே வந்தால் பெரும்பாலும் கமா வேண்டாம். பேச்சில் இஃப் அதிகமாக முன்னால் வரும். நிபந்தனையை விரித்த பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும். பிகோஸ் அதிகமாகப் பின்னால் வரும். சொன்னதற்குத்தான் காரணம் சொல்ல முடியும். "கோல் மீ வென் யூ ரீச் ஹோம்" என்று அவர்கள் கேட்பதை முதலில் கேட்டுவிடுகிறார்கள். நாங்கள் "வீட்ட போய்ச் சேர்ந்தோடன கோல் எடுங்க" என்று, ஆளை வீட்டில் சேர்த்த பிறகுதான் கேட்கிறோம்.

சரி, அந்தப் பிள்ளையின் கடிதத்துக்கு வருகிறேன். "வேர் த ஸன் ஸெட்ஸ்" என்று திருத்திக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வசனம்: "எவ்ரி சட்டர்டே வி வெயிட் அண்டர் த ட்ரீ அன்டில் த ரோட் கம்ஸ்."

மரத்தடியில் பாதை வரும்மட்டும் நிற்கிறார்கள். அன்டிலுக்குப் பின் நொட் இல்லை. வில் இல்லை. கம்ஸில் எஸ் இருக்கிறது. நான் பென்சிலால் ரோட் என்ற சொல்லுக்கு மேலே ஃபெரி என்று சின்னதாக எழுதினேன். ரோட்டை வெட்டவில்லை.